முதுகுப் பக்கம்

எல்லாரும் எதைப் பார்க்கிறார்களோ
அதைப் பார்க்காமலிருக்கத்தான் எனக்குச் சம்பளம்.

ரப்பர் படகு கரை தட்டும்.
முதலில் இறங்குகிறவள் நான்,
கடைசியில் ஏறுகிறவளும்.
தோளில் துப்பாக்கி, இடுப்பில் ஒளிவெடி,
கழுத்தில் தொலைநோக்கி.
நாற்பது சிவப்புச் சட்டைகள் கடலைப் பார்த்து நிற்க
நான் மலையைப் பார்த்து நிற்பேன்.
கரடி ஒருபோதும்
கேமராவுக்கு நேரே வருவதில்லை.

செப்டம்பர். கணுக்கால் உயரக் காடு
சிவந்து கிடக்கிறது.
கல்லொன்று அசைந்தது போலிருந்தால்
மூன்று மூச்சு எண்ணுவேன்.
கல்லென்றால் மூன்றிலும் கல்.
நேற்று ஒன்று இரண்டாவது மூச்சில்
காது முளைத்து முயலானது.

பனிமலைகளை எனக்குக் காதால்தான் தெரியும்.
முதலில் சட்டியில் ஏதோ பொரிகிற சத்தம்.
அப்புறம் யாரோ நெடுநேரம் தொண்டையைக் கனைக்கிறார்கள்.
அப்புறம் நாற்பது பேருக்கும் ஒரே வாய்: ஆ.
அந்த ஆவின் நீளத்தை வைத்தே சொல்லிவிடுவேன்
உடைந்தது நுனியா, புரண்டது முழுசா என்று.
அலை வருவதை பூட்ஸ் சொல்லும்.

டீட்லிண்டே, ஹாம்பர்க்கில் பல் வைத்தியம் பார்த்து
ஓய்வு பெற்றவர்.
“நுக்காகா, ஒரே ஒரு தடவை திரும்பேன்.
அடிப்பக்கம் என்ன நீலம்!”
“நீங்கள் பாருங்கள்.”
கோபித்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் வந்து
என்னோடு கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார்.
“இங்கே ஒன்றுமே இல்லையே.”
“ஆமாம். நல்லது.”

நான்காம் நாள் எங்கள் ஊர்.
அதன் பெயரை ஒலிபெருக்கியில் மூன்று முறை இடறி
“அழகான குடியிருப்பு” என்று
முடித்துக்கொண்டார் ஸ்வேர்ரே.
ஊரில் முன்னூற்றுச் சொச்சம் பேர்,
கப்பலிலிருந்து இறங்கியது இருநூறு.
அரைமணியில் கடையில் பிஸ்கட் தீர்ந்தது.
உறைவதற்கு முந்தைய சரக்குக் கப்பல்
இன்னும் வரவில்லை.

படகடியில் என் அண்ணன் எனோக்
நார்வால் தோலைக் கீறிக்கொண்டிருந்தான்.
ஒருத்தி முகம் சுளித்துப் படம் எடுத்தாள்.
ஒருவர் ஒரு துண்டு கேட்டு வாங்கி
விழுங்கவா வேண்டாமா என்று மென்றுகொண்டே
தேவாலயம் வரை போய்விட்டார்.
எனோக் கத்தியைத் துடைத்தான்.
என் சிவப்புச் சட்டையை மேலும் கீழும் பார்த்தான்.
“நீயும் ஒரு படம் எடுத்துக்கறியா?”

அவனுக்கு முதுகைக் காட்டி நின்றேன்.
வேலை.

இரவு இரண்டு மணி. அறைதோறும் ஒலிபெருக்கி:
வலப்பக்கத் தளம், துருவ ஒளி.
இரவு உடையின் மேல் சட்டை, வெறுங்காலில் செருப்பு,
ஓடுகிறார்கள்.
தளத்துக்குக் கரடி வராது,
அதனால் அன்றுதான் முதல் தடவை
எல்லாரோடும் ஒரே பக்கம் பார்த்தேன்.

வெறுங்கண்ணுக்கு அது சாம்பல்தான்.
பிழிந்து உதறிய துணி காற்றில் பிரிகிற மாதிரி.
டீட்லிண்டேயின் கேமராவில் பச்சை,
பச்சைக்குள் ஊதா.
“இதில் எது நிஜம்?” என்று திரையையும் வானத்தையும்
மாற்றி மாற்றிக் காட்டினார்.
நான் வேறு கணக்கில் இருந்தேன்.
மேகமில்லை. காற்றில்லை.
விடிவதற்குள் கரையோரம் கடல் ஏடு கட்டிவிடும்.
எனோக்கின் படகு தண்ணீரில் கிடக்கிறது.

மாலுமி அறைக்கு ஏறி வானொலி கேட்டேன்.
கரகரப்பு. கரகரப்பு. பிறகு தூக்கக் குரல்:
“இழுத்தாச்சு. நீ கிளம்பின கையோட இழுத்தாச்சு.
வானத்தப் பாத்தா தெரியாதா?”

கொஞ்சம் மௌனம்.
பின்னால் அவன் நாய் ஏதோ சொன்னது.

“கப்பல் விளக்கு இங்கேருந்து தெரியுது.
எந்தப் பக்கம் பாத்து நிக்கறே?”

“உன் பக்கம்” என்றேன்,
பொத்தானை அழுத்தாமல்.

பிறகு அழுத்தி,
“படுத்துக்கோ. ஓவர்.”